சிமெண்டில் எழுதிய நம்பர்

வில்பட்டியில் முருகேஸ்வரியின் சமையலறை வாசலிலிருந்து பேரிக்காய் மரம் முப்பத்து நாலு எட்டுத் தூரம். அது நடந்தால். ஓடினால் இருபத்து இரண்டுதான். நாலரை வருஷமாக அவளுக்கு ஓடித்தான் பழக்கம், ஏனென்றால் வீட்டுப் போன் அந்த மரத்தில்தான் தொங்கியது. இடையில் ஒரு பூண்டுப் பாத்தி, மூன்று கல்படி, அவள் வளர்க்கும் கோழிகள். கோழிகளுக்கு இந்த ஓட்டம் பழகிவிட்டது. மணிச்சத்தம் கேட்டதும் அவையே வழியை விட்டு ஒதுங்கிவிடும்.

போன் மரத்தில் ஏறிய கதைக்கு அவள் புருஷன் வேல்ராஜிடம் போக வேண்டும். வேல்ராஜ் கொத்தனார். கொடைக்கானலில் சுவர் கட்டத் தெரிந்த கொத்தனார்களுக்குப் பஞ்சமில்லை. ஃபயர் பிளேஸ் கட்டத் தெரிந்தவர்கள்தான் கம்மி. இரண்டாயிரத்துக்குப் பிறகு மலையெங்கும் காட்டேஜும் ரிசார்ட்டுமாக எழும்பிக்கொண்டிருந்தன. மதுரையிலும் சென்னையிலும் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இங்கே வந்ததும் அறைக்குள் நெருப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நெருப்பு மூட்ட யாராலும் முடியும். புகையை ஒழுங்காக மேலே அனுப்பி வைப்பதுதான் பெரிய பாடு. வேல்ராஜ் கட்டினால் புகை சொன்ன பேச்சுக் கேட்கும். ஆனால் அவன் மட்டும் யாரிடமும் பேச மாட்டான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம் என்பாள் முருகேஸ்வரி.

இரண்டாயிரத்து மூன்றில், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிவபாக்கியம் என்கிற அம்மாளுக்கு அவன் ஒரு ஃபயர் பிளேஸ் கட்டினான். கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள், "நீ பாட்டுக்குப் போயிருவ. புகைஞ்சா உன்னை எங்க வந்து தேடுறது?" என்று கேட்டார். வேல்ராஜ் ஆறங்குல ஆணி ஒன்றை எடுத்து, ஈரம் காயாத சிமெண்டில் இடது கீழ் மூலையில் தன் செல் நம்பரைக் கீறி வைத்தான். அப்போதுதான் வாங்கிய புது நம்பர். கடைசியில் மூன்று ஏழு வரும்.

அந்த அம்மாள் அதை வந்தவர் போனவரிடம் எல்லாம் காட்டினார். அடுத்து வேலை கொடுத்தவரும் தன் வீட்டில் நம்பர் எங்கே என்று கேட்டார். அப்படியே வழக்கமாகிவிட்டது. எந்த வீடாக இருந்தாலும் இடது கீழ் மூலையில் பத்து எண்கள். அதற்கு ஒரே அர்த்தம்தான்: புகைந்தால் கூப்பிடு, சும்மா வந்து சரிசெய்து தருகிறேன். மற்றவர்கள் பேசிப் பேசிக் கொடுக்கும் வாக்கை அவன் ஆணியால் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாயிரத்துப் பத்து முடிவதற்குள் அந்த நம்பர் ஐம்பத்தெட்டு வீடுகளில் இருந்தது.

அட்டுவம்பட்டியில் வாடகைக்கு இருந்தவரை போனுக்கு ஒரு குறையும் இல்லை. முருகேஸ்வரியின் பங்குக்கு வந்த நிலத்தில், வில்பட்டியின் கீழ்ச் சரிவில், சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனார்கள். ஊருக்கெல்லாம் புகை போக வழி பார்த்துக் கட்டுகிறவன், தன் வீட்டுக்குச் சிக்னல் வர வழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பால் காய்ச்சிய அன்றுதான் போனில் ஒரு கம்பிகூட இல்லை என்பது தெரிந்தது. போனைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி, பாத்தியைச் சுற்றி, படி இறங்கிப் போனால், கல்கட்டுக்குக் கீழே பெரிய பாறையை ஒட்டி நின்ற பேரிக்காய் மரத்தடியில் மூன்று கம்பி வந்தது. எதிர் மலையில் இருந்த டவர் அந்த ஒரு இடத்துக்குத்தான் தெரிந்தது.

அன்றையிலிருந்து மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் போன், கிளையில் ஒரு ஆணி. வேல்ராஜ் வேலைக்குப் போகும்போது போனைக் கொண்டுபோக மாட்டான். கையெல்லாம் சிமெண்ட், அவனுக்கு எதற்கு போன்? காலையில் மரத்தடியில் போய் ஆன் செய்து தொங்கவிடுவதும், ராத்திரி எட்டு மணிக்கு அணைத்து உள்ளே கொண்டுவந்து சார்ஜ் போடுவதும் முருகேஸ்வரியின் சோலி. நடுவில் வரும் அழைப்புகளுக்கு ஓடுவதும் அவள்தான்.

ஒருநாள் மரத்தடியில் ஒரு காட்டுமாடு நின்றது. ஆள் உயரம். அதன் தலைக்கு மேலே போன் அடிக்கிறது. முருகேஸ்வரி படியில் நிற்கிறாள். மாடு போனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி போனைப் பார்த்தது. எடுக்கப்போகிறதோ என்றே அவளுக்குத் தோன்றியது. மணி நின்றதும் அது பாட்டுக்குப் பூண்டுப் பாத்தியை மிதித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் இதை ஒரு மாதம் பேசியது.

இப்படி ஓடி ஓடி எடுத்ததில் அவளுக்கு ஒரு வித்தை கைவந்தது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள், புகை உள்ளே வருகிறது என்று. ராத்திரி வேல்ராஜ் வந்ததும் அதை அவனிடம் ஒப்பிப்பாள். அவன் இரண்டு வார்த்தையில் காரணம் சொல்வான். ஒரு வருஷம் கேட்டபிறகு, அந்த இரண்டு வார்த்தையை அவளே மரத்தடியில் நின்று சொல்ல ஆரம்பித்தாள். புகைக்குழாயை மூடுகிற தகட்டைத் திறந்தீர்களா? பத்துக்கு எட்டு, தகட்டைத்தான் திறந்திருக்க மாட்டார்கள். விறகு ஈரமா? ரொம்ப நாளாக மூட்டவில்லையா? அப்படியானால் ஒரு பேப்பரைக் கொளுத்தி மேலே காட்டுங்கள், குழாய் சூடானால் புகை ஏறும். ஆட்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். வேல்ராஜ் போய்ப் பார்க்கவேண்டிய வீடு மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரிந்ததா என்பதும் தெரியவில்லை, அவன்தான் பேச மாட்டானே.

இரண்டாயிரத்துப் பத்து ஐப்பசி மழையில், இரண்டாவது படியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. அப்போதும் தவழ்ந்து போய் போனை எடுத்துத் தகட்டைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சுதாராணிதான் மரத்துக்கு ஓடினாள். சுதாராணியின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பேசுவதைக் கதைப்பது என்றுதான் அவள் இன்னமும் சொல்வாள். அவளிடம் இருந்தது வேறு கம்பெனி போன். அந்தக் கம்பெனியின் டவர் ஊருக்கு மேலே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "அக்கா, எங்க கம்பெனிக்கு மாறுங்க. அடுப்படியில இருந்தே கதைக்கலாம்" என்று அவள் சொல்லாத நாளில்லை. மாறினால் நம்பரும் மாறுமே? அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் வேல்ராஜ் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நம்பரை மாத்திருவோம்" என்றான்.

"ஐம்பத்தெட்டு வீட்டுல எழுதி வச்சிருக்கீங்களே, அதை என்ன செய்ய?"

"உளி கெடக்கு. வீடு வீடாப் போய்க் கொத்தி எடுத்துட்டு வேற நம்பர் எழுதிட்டு வாரேன். ஒன் காலை விடவா அது?"

கல்யாணமாகி அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். தன் காலை அவன் இவ்வளவு பெரிதாக நினைக்கிறான் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு சண்டைக்குப் போனாள். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், டிசம்பரில் வந்து நெருப்பு மூட்டிப் புகைந்தால் அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். "காலு ரெண்டு மாசத்துல சேந்துரும். நம்பர் போனாப் போனதுதான்" என்றாள். அவன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தை பிறந்ததும் வழி பிறந்தது. நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று சர்க்கார் கொண்டுவந்துவிட்டதாகச் சுதாராணி வந்து சொன்னாள். முருகேஸ்வரி நம்பவில்லை. நொண்டிக்கொண்டே பஸ் ஏறி, மூஞ்சிக்கல்லில் செல்போன் கடை வைத்திருந்த ஞானவேலிடம் போய்க் கேட்டாள். அவன் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினான். அந்தப் போனிலிருந்தே ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும், ஒரு ரகசிய கோடு நம்பர் வரும், அதோடு போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் கொண்டுவந்தால் புது சிம் தருவான், ஏழெட்டு நாளில் மாறிவிடும்.

வேல்ராஜின் போட்டோவையும் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள், நாலு இங்கிலீஷ் எழுத்துக்கு யாரையும் தேடவில்லை. மரத்தடியில் நின்று ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி அனுப்பினாள். கோடு நம்பர் வந்தது. மறுநாளே பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள், என்ன குறை என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். முருகேஸ்வரிக்குப் பாவமாகப் போய்விட்டது. "உங்க மேல ஒரு கோவமும் இல்லம்மா. எங்க மரத்துக்கு நல்லாக் கெடைக்குது. எங்களுக்குத்தான் கெடைக்கல" என்றாள். 

அந்த வாரம்தான் சேனாதிபதி என்கிற இன்ஜினியர் மதுரையிலிருந்து கூப்பிட்டார். டிசம்பரில் ஒரு காட்டேஜில் தங்கியபோது மூலையில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டாராம். மலையில் ஒரு ஓட்டல் கட்டப் போகிறார்கள், பன்னிரண்டு ஃபயர் பிளேஸ். ஊட்டியிலிருந்தும் ஒரு கொத்தனார் வருகிறார். முதலாளி அடுத்த வாரம் இடம் பார்க்க வருவார், வந்ததும் இதே நம்பருக்குக் கூப்பிடுகிறேன், உடனே ஆளை அனுப்புங்கள் என்றார். முருகேஸ்வரி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அவர் நம்பரைக் குறித்து வைக்கவும் இல்லை, ஓட்டல் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. தங்கள் நம்பரைச் சிமெண்டில் எழுதிக் கொடுத்தவர்கள், அடுத்தவர் நம்பரைக் காகிதத்தில்கூட எழுதி வைத்ததில்லை. வேல்ராஜிடம் சொன்னபோது அவன் பன்னிரண்டா என்று ஒரு தடவை கேட்டான். அன்று ராத்திரி ரொம்ப நேரம் விரல்விட்டு ஏதோ அளந்துகொண்டிருந்தான்.

ஞானவேல் குறித்துக் கொடுத்த நாளில் வெள்ளனே எழுந்து, அவனிடம் வாங்கி வைத்திருந்த புது சிம்மைப் போட்டாள். சமையலறையிலேயே ஐந்து கம்பி. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. சுதாராணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு போனை அணைத்து, பைக்குள் போட்டு, மரத்துக்குக் கொண்டுபோய் ஆன் செய்து தொங்கவிட்டுவிட்டு வந்தாள். இதில் அவள் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே ஐந்து கம்பி வந்தால் மரத்தில் எவ்வளவு வரும்! நாலரை வருஷமாக அந்த மரம் கைவிட்டதே இல்லை.

முதல் நாள் ஒரு அழைப்பும் வரவில்லை. பனிக்காலத்தில் அப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது. இரண்டாம் நாளும் இல்லை. சுதாராணி தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. முருகேஸ்வரி மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு கம்பி இல்லை. வந்த சிக்னல் போய்விட்டது, நம்பர் பழைய கம்பெனியிலும் இல்லாமல் புதுக் கம்பெனியிலும் சேராமல் நடுவழியில் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல அணைத்து உள்ளே கொண்டுவந்து சார்ஜ் போட்டாள்.

வேல்ராஜ் மரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், கை கழுவப் போய்விட்டான். ஐம்பத்தெட்டு வீட்டில் அவன் கொடுத்த வாக்கு தன் பிடிவாதத்தால் செத்துப்போனது என்றே அவளுக்குப் பட்டது. இந்நேரம் அந்த இன்ஜினியர் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். ஊட்டிக் கொத்தனார் வந்து இறங்கியிருப்பார். வேல்ராஜ் சொன்னபடி கேட்டிருந்தால் உளி வேலையோடு முடிந்திருக்கும். இப்போது நம்பரோடு சேர்ந்து பன்னிரண்டும் போனது. இரண்டு நாளும் அவள் சாப்பிட்டது சாப்பாடாக இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். விடுவிடென்று போய்ப் பையை ஆணியிலிருந்து பிடுங்கினாள். ஞானவேலின் மேசையில் இதை வீசி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லிக்கொண்டே வந்து, சமையலறைத் திண்டில் போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று கரண்டியை எடுத்தாள்.

போன் ஒரு தடவை கீச்சென்றது. இன்னொரு தடவை. அப்புறம் நிற்கவே இல்லை. பேச முடியாமல் போனவர்களின் நம்பர்களெல்லாம் மெசேஜாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். கல்கட்டுக்குக் கீழே, பாறை மறைவில் இருக்கிற மரம். ஊருக்கு மேலே இருக்கிற டவர். எதிர் மலை டவருக்காகத் தேடிப் பிடித்த இடத்தில் இந்த டவர் எப்படித் தெரியும்? வீடு முழுக்கக் கொட்டிக் கிடந்த சிக்னலை விட்டுவிட்டு, அது எட்டாத ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போனை மாட்டியிருக்கிறாள். தன் தலையில் அந்தக் கரண்டியாலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றியது.

அதற்குள் மணி அடித்தது. கால் தானாக வாசலுக்கு ஓடி, அப்புறம்தான் திரும்பி வந்தது.

சேனாதிபதிதான். மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன் என்று கடுகடுத்தார். பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கியிருக்கும் வாடகைப் பங்களாவில் பழைய ஃபயர் பிளேஸ் ஒன்று இருக்கிறதாம். முதலாளி மூட்டச் சொன்னார், மூட்டியதிலிருந்து அறை முழுக்கப் புகை. ஊட்டிக் கொத்தனார் பார்த்துவிட்டு, இதை இடித்துத்தான் கட்ட வேண்டும் என்கிறார். முதலாளி ஃபயர் பிளேஸே வேண்டாம், ஹீட்டர் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார், இன்னும் ஒரு மணி நேரத்தில் மலை இறங்குகிறார். உங்கள் வீட்டுக்காரரை உடனே அனுப்ப முடியுமா என்றார்.

வேல்ராஜ் வேலைக்குப் போயிருந்தான். ஆள் விட்டுக் கூட்டிவர இரண்டு மணி நேரமாகும்.

"சார், அவரு வர்றதுக்குள்ள நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள் முருகேஸ்வரி.

தகட்டைக் கேட்டாள். திறந்துதான் இருந்தது. விறகு காய்ந்ததுதான். பேப்பர் கொளுத்திக் காட்டினார்களாம், அப்படியும் புகை உள்ளேயே வந்ததாம். அவளுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. மரத்தடியாக இருந்திருந்தால் இந்நேரம் காற்றிலும் கரகரப்பிலும் பேச்சே அறுந்துபோயிருக்கும். இப்போது கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த அறையே காதுக்குள் வந்து நின்றது. இருமல். விறகு வெடிக்கும் சத்தம். அதற்கும் பின்னால் விடாமல் ஓடும் ஒரு இரைச்சல்.

"சார், அங்க என்னமோ கர்ருன்னு ஓடுதே, அது என்ன?"

சமையலறை ஃபேன் என்றார் அவர். வாசனை வெளியே போகச் சுவரில் வைத்திருப்பது, பெரிய ஃபேன்.

"அதை நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு ஒரு சன்னலை ரெண்டு விரக்கடைக்குத் திறந்து விடுங்க. ஃபேன் வீட்டுக் காத்தையெல்லாம் இழுத்து வெளிய தள்ளுது. அந்தக் காத்துக்குப் பதிலா சிம்னி வழியாத்தான் வேற காத்து எறங்கி வருது. அப்புறம் புகை எங்கிட்டுப் போகும்?"

யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. இரைச்சல் நின்றது. சன்னல் கிரீச்சிட்டது.  அவள் குழம்பைப் பார்த்தாள். அது அடிப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். போன் கை மாறியது.

"ஏறுதும்மா" என்றது புதுக் குரல். முதலாளி. "நீங்க யாரு?"

 மரத்தடியில் யாரும் அதைக் கேட்டதில்லை. "கொத்தனார் வீட்டுல இருந்து பேசுறேங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் வேல்ராஜ் வந்தபோது அவள் அடிப்பிடித்த குழம்பை ஊற்றினாள். முதலாளியே சொல்லிவிட்டார், பன்னிரண்டும் நமக்குத்தான் என்றாள். எப்படி என்று அவன் கேட்டான். மரத்தில் மாட்டிய கூத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஃபேன் என்றதும் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "அது எனக்கே உடனே தோணியிருக்காது" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். ஐந்து கம்பியை விட்டுவிட்டு மரத்தில் மாட்டினாயா என்று சிரித்தான், கோழிகள் கலைந்து ஓடும்படி சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்ததில் சுதாராணி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஓட்டலின் முதல் ஃபயர் பிளேஸ் சித்திரையில் முடிந்தது. கடைசிப் பூச்சு பூசும் அன்று வேல்ராஜ் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். எதற்கென்று சொல்லவில்லை. போனை அவள் இடுப்பில் செருகியிருந்தாள். இடது கீழ் மூலையைக் கரணையால் வழுவழுப்பாகத் தேய்த்து முடித்துவிட்டு, ஆறங்குல ஆணியை அவளிடம் நீட்டினான்.

"எதுக்கு?" என்றாள்.

"கூப்பிட்டா எடுக்குறது நீதான. நீயே எழுது."

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஆயிரம் தடவை சொன்ன நம்பர்தான், ஆனாலும் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். ஈரச் சிமெண்டில் எழுதுவது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எண்கள் கோணலாகப் போயின. கடைசி மூன்று ஏழும் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்தன. அழித்துவிட்டுத் திரும்ப எழுதட்டுமா என்று அவனைப் பார்த்தாள்.

"கெடக்கட்டும்" என்றான் வேல்ராஜ்.